கறுப்பு நுரையும் வெள்ளைப் பேச்சும்

"பழைய பேப்பரின் மையை நீக்கிப் புதுக் காகிதம் செய்கிறோம், மரத்தைக் காக்கிறோம், பூமியைக் காக்கிறோம்!" - காகித ஆலை முதலாளிகள் மேடைக்கு மேடை இப்படி மார்தட்டுகிறார்கள். தட்டட்டும். மரம் தப்புவது நல்ல விஷயம்தான். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் மையை நீக்குவது யார்? முதலாளி வாங்கிப் போட்ட யந்திரமா? இதைக் கேட்டால் மட்டும் மேடையில் ஒலிபெருக்கி மக்கர் செய்துவிடுகிறது!

ஆலைக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். பத்திரிகை மை என்பது கரிப்பொடியும் எண்ணெயும் கலந்த சேர்மானம். பழைய பேப்பரைப் பெரிய தொட்டியில் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர், காஸ்டிக் சோடா, சோப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் சேர்த்துக் கடைகிறார்கள். காகிதம் கூழாகிறது. நார் ஊதிப் பருக்க, அதில் ஒட்டியிருந்த மை உதிர்கிறது. பின்னும் மணலும் தனியே பிரிக்கப்பட்டுவிடும். பிறகு கூழை நீர்க்கக் கரைத்து அடியிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். மைத் துகளுக்குத் தண்ணீர் ஆகாது. காற்றுக் குமிழைப் பற்றிக்கொண்டு மேலே வந்து கறுப்பு நுரையாக மிதக்கும். நுரையை வழித்தெடுத்தால் அடியில் வெளுத்த கூழ். சுரங்கத் தாதுவைக் கல்லும் மண்ணுமிலிருந்து பிரிக்கும் அதே தந்திரம்தான்.

"எல்லாம் யந்திரம்தானே, ஐயா?" என்பீர்கள். பொறுங்கள் தோழர்களே! இந்த யந்திரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மாதக்கணக்கில் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்த பேப்பரில் மை நாரோடு இறுகிப்போகும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் முழுக்க விடாது. மேல்நாட்டு ஆலைக்காரர்கள் இதற்குக் 'கோடை விளைவு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய உறையும் புத்தக முதுகுப் பசையும் கலந்துவிட்டால் இன்னும் மோசம். பசை பிசுபிசுவென்று கூழோடு போய், யந்திரத்தில் ஒட்டி, ஓடுகிற காகிதம் படீரென்று அறுந்துவிடும். அறுந்தால் திட்டு யாருக்கு? ஷிப்டில் நிற்கும் நம் தோழருக்கு!

ஆகவே, மை நீக்கும் வேலை தொட்டியில் துவங்கவில்லை. தெருவில் துவங்குகிறது. வீடு வீடாகப் பேப்பர் வாங்குகிறவர், குப்பைமேட்டில் பொறுக்குகிறவர், கொட்டகையில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் பெண்கள் - இவர்கள்தான் அந்த வேலையின் முதல் ஷிப்ட். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் நம் கூலிப் பெண்கள் பலர் இந்தக் கொட்டகைக்குத்தான் போகிறார்கள். ஒரு கொட்டகையில் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். செய்தித்தாள் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று கை பறக்கிறது. கண் பார்ப்பதற்குள் விரல் தொட்டுத் தரம் சொல்லிவிடுகிறது. "எப்படியம்மா தெரிகிறது?" என்றேன். "முப்பது வருஷம் தொட்டால் உனக்கும் தெரியும், தம்பி" என்றார் அந்த அம்மா, தலை நிமிராமலே. தும்மிக்கொண்டே இருந்தார். முகத்துக்குக் கட்டியிருந்தது பழைய சேலைக் கிழிசல்.

பிரிக்காத பேப்பருக்கு ஒரு விலை, பிரித்த பேப்பருக்கு வேறு விலை என்று ஆலை பேல் பேலாகப் பார்த்துத்தான் வாங்குகிறது. பிரிக்கும் வேலைக்கு மதிப்பு உண்டு என்று வியாபாரிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தெரியாததுபோல் நடிப்பது கூலி கொடுக்கும்போது மட்டும்!

இந்த மறதி புதிதல்ல. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர் 1774-ல் அச்சிட்ட காகிதத்திலிருந்து மறுபடி காகிதம் செய்யும் முறையை வெளியிட்டார். லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் 1800-ல் மை நீக்கக் காப்புரிமை வாங்கினார். இரண்டு பேரும் சரித்திரத்தில் இருக்கிறார்கள். அன்று காகிதம் கந்தல் துணியிலிருந்து வந்தது. அந்தக் கந்தலைப் பொறுக்கிப் பிரித்துக் கிழித்த பெண்கள் எந்தச் சரித்திரத்தில் இருக்கிறார்கள்?

"கூலி கூட்டினால் கட்டுப்படியாகாது; வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் மலிவு" என்று பயமுறுத்துகிறார்கள். அந்த மலிவின் லட்சணம் என்ன? கப்பலில் வரும் பேலுக்குள் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வருகிறது. உத்தரப் பிரதேசத்து முஜஃபர்நகர் வட்டாரத்தில் அந்தப் பிளாஸ்டிக்கை வெல்லம் காய்ச்சும் அடுப்பில் எரித்த சேதி பத்திரிகைகளில் வந்தது. கரும்பு வெட்டிய கூலியாள் அந்தப் புகையையும் குடிக்க வேண்டும்! தவிர, ஒரே நார் ஐந்தாறு தடவைக்கு மேல் தாங்காது. சுற்றுக்குச் சுற்று குட்டையாகும். மையும் களிமண்ணும் நாரும் கலந்த சேறும் மிஞ்சும். அதை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் மேடையில் யாரும் சொல்வதில்லை. பக்கத்து வயல்காரரைக் கேட்டால் சொல்வார்.

வழியில்லாமல் இல்லை. புனாவில் 1993-லேயே காகிதமும் கண்ணாடியும் பொறுக்குகிறவர்கள் தொழிற்சங்கம் கட்டினார்கள். 'காகிதம்' என்பதே அந்தச் சங்கப் பெயரின் முதல் வார்த்தை. மாநகராட்சி ஏற்ற அடையாள அட்டை பெற்றார்கள். 2008-ல் அவர்களது கூட்டுறவு சங்கமே வீடு வீடாகக் குப்பை வாங்க மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தது. பொறுக்குவோரை அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளும் சொல்லின. ஏட்டில் சொன்னதை எத்தனை நகராட்சி செய்தது?

அடையாள அட்டை, தரத்துக்கேற்ற கூலி, நேரான தராசு, முகக்கவசம் - பெண்கள் கேட்பது இவ்வளவே. ஆலைத் தோழர்கள் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு இவர்களையும் அழையுங்கள். சந்தாப் புத்தகத்தில் பெயர் எழுதும்போது 'இதரர்' என்று எழுத வேண்டாம். 'காகிதத் தொழிலாளி' என்றே எழுதுங்கள்.