‘கையில என்ன?’ன்னு கேட்காதீங்க

இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டையோடவே கிளாசுக்கு வர்ற சிலரை நாம எல்லாரும் பார்த்திருப்போம். எல்லாருக்கும் காரணம் ஒண்ணா இருக்காது. ஆனா சிலர் ஒர்க்‌ஷாப்ல கையை மடிச்சு விடச் சொன்னா தயங்குவாங்க. ரத்ததான முகாம்னா நழுவிடுவாங்க. ஸ்கூல் படிக்கும்போது, தாங்க முடியாத ஒரு நேரத்துல, தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டவங்களா அவங்க இருக்கலாம்.

அந்த நாட்கள் போயிடுச்சு, தழும்பு போகல. அதைக் குறைக்க டிரீட்மெண்ட் எடுக்கலாமான்னு யோசிச்சாலே ரெண்டு பக்கமும் அட்வைஸ் வரும். வீட்டுல, “நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க, சீக்கிரம் சரி பண்ணு” என்பார்கள். இன்ஸ்டாகிராமில், “மறைக்காதே, அது நீ ஜெயிச்சதோட அடையாளம்” என்பார்கள்.

என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பு. தோல் யாருடையதோ, முடிவும் அவங்களோடது. பைக்ல விழுந்த தழும்புக்கு ஸ்கின் டாக்டர்கிட்ட போனா யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. இதுக்கு மட்டும் ஏன் இத்தனை கேள்வி? தழும்பைக் குறைக்க நினைக்கிறது அழகு மேல இருக்கிற மோகமும் இல்லை, நடந்ததை மறுக்கிறதும் இல்லை. தன் கதையை யார்கிட்ட, எப்போ சொல்றதுன்னு தானே தீர்மானிக்க நினைக்கிறாங்க, அவ்வளவுதான்.

ஆனா எதிர்பார்ப்பு சரியா இருக்கணும். தழும்பு முழுசா மறையாது, கண்ணுக்குத் தெரியறது குறையும். ஒரு தழும்பு முதிர்ந்து அடங்கவே ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம். மேடா இருக்கிற தழும்புக்கு சிலிக்கான் ஜெல்லை மாசக்கணக்குல போடச் சொல்லுவாங்க. ஃப்ராக்‌ஷனல் லேசர் மேடுபள்ளத்தைக் கொஞ்சம் சமப்படுத்தும், ஆனா ஒரே சிட்டிங்கில் முடியாது, சில வார இடைவெளியில் பல தடவை போகணும். வெள்ளைக் கோடா மாறிப்போன இடத்துக்குப் பழைய நிறம் வர்றது கஷ்டம். நம்ம மாதிரி மாநிறம், கறுப்புத் தோல்ல லேசரைத் தப்பா பயன்படுத்தினா கருமை படியலாம். அதனால பார்லர் வேண்டாம், தோல் மருத்துவரைத்தான் பார்க்கணும். ‘ஏழே நாளில் மறையும்’ கிரீம்களையும் நம்பாதீங்க. ஸ்டீராய்டு கலந்த கிரீமை டாக்டர் சொல்லாம போட்டா தோல் மெலிஞ்சுடும். பிரைவேட் கிளினிக்குக்குக் காசு இல்லைன்னா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு ஓபி இருக்கு.

டாக்டர்கிட்ட எப்படி வந்ததுன்னு உண்மையைச் சொல்லுங்க, அவங்களுக்கு இது புதுசு இல்லை. காயப்படுத்திக்கிறதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆச்சான்னு கேட்பாங்க. குற்றவாளியை விசாரிக்கிற மாதிரி அதை எடுத்துக்க வேண்டாம், சிகிச்சை பலன் தரணும்னுதான் கேட்கிறாங்க. அந்த எண்ணம் இப்பவும் வந்துட்டு இருந்தா, முதல்ல மனநல மருத்துவரையோ கவுன்சிலரையோ பாருங்க. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மத்தவங்க செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். பழைய தழும்பைப் பார்த்தா, நாலு பேர் நடுவுல ‘கையில என்னடா?’ன்னு கேட்காதீங்க. பூனை பிறாண்டிடுச்சுன்னு ஒரு பொய்யை அவங்க வாயிலிருந்து வாங்கி நமக்கு என்ன ஆகப்போகுது? ஆனா புதுக் காயம் கண்ணுல பட்டா அது வேற விஷயம். அப்போ கண்டுக்காம விடாதீங்க. தனியா கூப்பிட்டுப் பேசுங்க. திட்டாம, பதறாம, அவங்க சொல்றதைக் கேளுங்க. நம்பிக்கையான ஒரு பெரியவர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க.

ஒரு ஃபிரெண்ட் அவங்களாவே வந்து, “இந்தத் தழும்புக்கு டாக்டரைப் பார்க்கலாம்னு இருக்கேன்”னு சொன்னா, ஏன், எதுக்குன்னு ஆரம்பிக்காதீங்க. “எந்த நாள் ஓபி? நானும் வரட்டுமா?”ன்னு கேளுங்க.