மஞ்சளைத் திருத்தினால் விளக்கு அணையும்

மைசூரு போய் வந்தவர்கள் தவறாமல் பேசும் ஓவியம் ஒன்று உண்டு. கையில் விளக்கு ஏந்திய பெண். சுடரை மறைத்த விரல்களின் இடுக்கில் சிவந்து கசியும் வெளிச்சம். ரவிவர்மாவின் படம் என்று அடித்துச் சொல்வார்கள். இல்லை. எஸ்.எல். ஹல்தங்கர் 1940களின் மத்தியில் தன் மகள் கீதாவை நிற்க வைத்துத் தீட்டியது அது. எண்ணெய் வண்ணமும் அல்ல, நீர்வண்ணம். ஜகன்மோகன் அரண்மனைத் தொகுப்பைச் சேர்ந்த இதை இருட்டாக்கிய அறையில் வைத்துக் காட்டுவது வழக்கமாக இருந்தது. படத்துக்குப் பின்னால் பல்பு ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

நேரில் பார்த்தவர்களைவிட அச்சில் பார்த்தவர்களே அதிகம். சிக்கலும் அங்கேதான்.

டிஜிட்டல் கேமரா எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் முதல் சபலம், தானாகவே நிறம் திருத்தும் பொத்தான். ஒரு படத்தின் எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரவேண்டும் என்பது அதற்குத் தெரிந்த கணக்கு. குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சளடித்துப்போன கல்யாணப் படத்துக்கு அது தெய்வம். ஹல்தங்கரின் பெண்ணிடம் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே மஞ்சள் பிழையல்ல, அதுதான் படமே. பொத்தான் அந்த மஞ்சளைக் களைப்பென்று எண்ணி நீலத்தைச் சேர்க்கும், விளக்கு டியூப்லைட்டாகிவிடும். அனுபவசாலிகள் படம் எடுக்கும்போதே ஓவியத்தின் பக்கத்தில் நடுநிலைச் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து ஒரு பிரேம் எடுத்துக்கொள்கிறார்கள். திருத்தம் அந்த அட்டைக்கு, படத்துக்கு அல்ல.

அடுத்த கண்டம், திரையிலிருந்து காகிதத்துக்குப் போவது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆனது. அச்சகம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையை நம்பியிருக்கிறது. திரையில் தகதகக்கும் ஆரஞ்சுகளில் பல அந்த மைகளுக்கு எட்டாதவை. எட்டாததைப் பிடிக்கப் பார்க்காமல், சுற்றியிருக்கும் நிழலை ஆழமாக்கினால் சுடர் தானே எழும். ஆனால் நிழலுக்கும் அளவு உண்டு. நாலு மையும் சேர்ந்து ஆர்ட் பேப்பரில் 300 சதவீதத்தை ஒட்டியும் நியூஸ்பிரின்ட்டில் 240 சதவீதத்துக்குள்ளும் நிற்கவேண்டும். மீறினால் மை காயாது, அடுத்த தாளில் ஒட்டும். நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சிக்கொள்வதால் 50 சதவீதப் புள்ளி 75 வரை பரந்துவிடும். ஆர்ட் பேப்பருக்காகத் தயாரித்த கோப்பை அப்படியே நாளிதழுக்கு அனுப்பினால் அந்தப் பெண்ணின் முகம் கரி பூசியதுபோல் வருவது இதனால்தான். சருமத்தில் சயான் ஒரு துளி கூடினாலும் போதும், சாம்பல் பூத்துவிடும்.

கூர்மையாக்குவது கடைசி வேலை. இதற்கான 'அன்ஷார்ப் மாஸ்க்' என்ற பெயரே விசித்திரம்: இருட்டறைக் காலத்தில், நெகட்டிவோடு வேண்டுமென்றே மங்கலாக்கிய பாஸிட்டிவ் ஒன்றைச் சேர்த்துப் பிரதி எடுத்த உத்தியின் வாரிசு அது. விளிம்பின் ஒரு பக்கத்தை வெளிறவைத்து மறுபக்கத்தைக் கறுக்கவைத்துக் கண்ணை ஏமாற்றுகிறது. அச்சாகும் அளவுக்குப் படத்தைச் சுருக்கிய பிறகே செய்யவேண்டும். அதையும் நிறத்தைத் தொடாமல் ஒளி அளவில் மட்டும். முந்திக்கொண்டாலோ அளவு மீறினாலோ, ஹல்தங்கர் ஈரத் தூரிகையால் கரைத்துவிட்ட கன்னத்தில் காகிதத்தின் சொரசொரப்பு மணல்போல் எழுந்து நிற்கும். கண்ணுக்கும் விளக்கின் விளிம்புக்கும் கூர்மை போதும். மற்ற இடங்களுக்கு எதற்கு?

முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் வழக்கம் தனி வியாதி. அதற்கு வெளிநாட்டுப் பூர்வீகமும் உண்டு. கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தார். அவர் சருமம் சரியாக வந்தால் நிறம் சரி என்பது விதி. கறுத்த முகங்கள் பட்ட பாட்டைக் கேட்பாரில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும், மாநிறத்தை வெளுப்பாக்கினால்தான் காலண்டர் விற்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கொளியில் நிற்கும் பெண்ணை வெளுப்பாக்கினால் பின்னால் இருக்கும் இருளும் கூடவே வெளுக்கும். அப்புறம் அவர் கையில் எதற்கு விளக்கு?

மாதிரித் தாளைச் சரிபார்க்கும் இடமும் முக்கியம். 5000 கெல்வின் வெளிச்சத்தில், பக்கத்தில் சாம்பல் அட்டையோடு பார்ப்பதே அச்சுத் தொழிலின் நியதி. அவசரத்தில் பலர் மேஜை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் அதிகம் என்று குறைக்கச் சொல்லிவிடுகிறார்கள்.