வாக்குத்தத்த அட்டையும் எரேமியாவின் கடிதமும்

டிசம்பர் 31 இரவு. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று எங்கே போனாலும், பெரிய ஆலயம், சின்ன ஜெபவீடு என்ற வித்தியாசம் இல்லாமல் விளக்கு எரியும். சிப்காட்டில் ஷிப்டு முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடு நேராக ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். மணி பன்னிரண்டு அடித்து, ஒருவருக்கொருவர் கைகுலுக்கி முடித்ததும் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம்!

அந்தத் தட்டில் அநேகமாக இருக்கும் ஒரு வசனம் எரேமியா 29:11. தேவன் தம் மக்களுக்குத் தீமையை அல்ல, சமாதானத்தையே நினைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். காலண்டரில், பைக்கின் முன்பக்கத்தில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் இதைப் பார்க்கலாம். கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர் கையில் இது வந்தால், இந்த வருஷம் வேலை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்கிறார். பிளஸ் டூ மாணவிக்கு வந்தால் மார்க் நிச்சயம். விசாவுக்குக் காத்திருப்பவருக்கு வந்தால் விசா உறுதி.

ஆனால் அந்த வசனம் உண்மையில் அதைத்தான் சொல்கிறதா?

விஷயம் என்னவென்றால், அது தனி வசனமாக எழுதப்படவே இல்லை. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் ஒரு வாக்கியம். வேதாகமத்துக்கு அதிகார எண்கள் வந்தது 13-ஆம் நூற்றாண்டில். இன்றைய வசன எண் முறை வந்தது 16-ஆம் நூற்றாண்டில். புதிய ஏற்பாட்டை 1551-ல் வசனம் வசனமாகப் பிரித்து அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர். எரேமியா எழுதியபோது '29' என்ற எண்ணும் கிடையாது, '11' என்ற எண்ணும் கிடையாது. தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண்களே பிற்காலத்தில் கத்தரிக்கோலாக மாறிவிட்டன.

சரி, அந்தக் கடிதம் யாருக்குப் போனது?

கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசனையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் போன்ற தொழிலாளிகளையும் சிறைப்பிடித்துக் கொண்டுபோனான். எதிரியின் நாட்டில், அவன் பாஷை பேசும் ஊரில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். அந்த அகதிகளுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம்.

அந்தக் கடிதம் ஏன் எழுதப்பட்டது என்று தெரிய 28-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இன்னும் இரண்டே வருஷம்தான், பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். யாருக்குத்தான் பிடிக்காது அப்படி ஒரு செய்தி? ஆனால் அது பொய் என்று எரேமியா சொன்னார். அந்த வருஷமே அனனியா இறந்துபோனான்.

அதற்கு அடுத்ததுதான் இந்தக் கடிதம். அதில் இருப்பது என்ன? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் செய்து வையுங்கள். சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் செய்யுங்கள். திரும்பி வருவது உண்டு, ஆனால் 70 வருஷம் ஆன பிறகு.

எழுபது வருஷம்! முதலில் வாசித்துக் கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் போகலாம். 11-ஆம் வசனம் வருவது இந்த 70 வருஷக் கணக்குக்கு அடுத்த வரியில். காத்திருக்கும் காலம் நீளமானது, ஆனாலும் கைவிடப்படவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். 'சீக்கிரம் நடந்துவிடும்' என்று சொன்னது எரேமியா அல்ல, அனனியா!

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எரேமியாவின் வசனத்தை அட்டையில் அச்சடித்து, அனனியாவின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு?

ஒரு வசனத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளப் பெரிய இறையியல் பட்டம் தேவையில்லை. மூன்று விஷயங்களைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, யாரிடம் பேசப்படுகிறது? இந்த விஷயத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ஒருவரானாலும் ஊரானாலும் 'யூ' என்ற ஒரே சொல்தான். தமிழில் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. பழைய மொழிபெயர்ப்பில் தேவன் ஒரு தனி மனிதனிடம் பேசும்போது 'நீ' என்றுதான் வரும். 29:11-ல் இருப்பது 'நீங்கள்'. மரியாதைக்காக அல்ல, பன்மைக்காக. அது ஒரு ஜனத்துக்குச் சொன்னது. ஒருவருடைய பிரமோஷனுக்குச் சொன்னதல்ல.

இரண்டாவது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? ஒரு அதிகாரம் முன்னால், ஒரு அதிகாரம் பின்னால் படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி தாண்டுவதற்குள் முடித்துவிடலாம்.

மூன்றாவது, வேறு மொழிபெயர்ப்பில் எப்படி இருக்கிறது? தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்கு காலத்தில், 1714-15-ல் தரங்கம்பாடியில் அச்சானது. பிறகு சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியஸ் பல வருஷம் உழைத்து அதைத் திருத்தினார். 1871-ல் பவர் தலைமையிலான குழுவின் திருத்தம் வந்தது. 1995-ல் 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பு வந்தது. திருத்தித் திருத்தி எழுதியவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்ல. முந்தையதைவிட இன்னும் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற பயபக்தி உள்ளவர்கள். பெரும்பாலான சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த வசனத்தில் 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்று இருக்கிறது. உடனே வாசிப்பவர் மனதில் 'ஆசைப்பட்ட ரிசல்ட்' என்று ஓடுகிறது! ஆனால் எபிரெய மூலத்தில் இருப்பவை இரண்டு சொற்கள். அவற்றின் பொருள் எதிர்காலம், நம்பிக்கை. ஆசைப்பட்டது கிடைப்பது வேறு, எதிர்காலம் மூடப்படவில்லை என்பது வேறு.

இப்படியெல்லாம் பார்த்தால் வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு அப்படிக் கேட்க முடியாது. ஏனென்றால் அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983-ல் தொடங்கிய யுத்தம் 2009-ல் முடிந்தது. இடையில் கடல் கடந்து வந்தவர்களில் பலர் இன்னும் முகாம்களில்தான் இருக்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணமாகி, பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது.

அங்கே இருக்கும் ஒரு பாட்டியிடம் அந்த அட்டையை நீட்டி, "இந்த வருஷம் எல்லாம் சரியாகிவிடும் அம்மா" என்று சொன்னால் அவர் எத்தனையாவது தடவையாக அதைக் கேட்பார்? அதே பாட்டியிடம் முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினால்? வீட்டை விட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம், பேரப்பிள்ளைகள் வரைக்கும் கணக்குப் போட்ட கடிதம், அந்நிய ஊரில் நட்ட செடிக்கும் மதிப்புண்டு என்று சொன்ன கடிதம். அட்டையைவிட அது எவ்வளவு பெரிய ஆறுதல்! வெட்டி எடுத்த வசனம் வேலை கிடைத்தவனுக்கு இனிக்கும். முழுக் கடிதம்தான் காத்திருக்கிறவளுக்குத் துணை நிற்கும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. "வீடு கட்டிக் குடியிருங்கள் என்று வேதமே சொல்கிறது, அதனால் உரிமை எதுவும் கேட்காதீர்கள்" என்று யாராவது முகாமில் பிரசங்கம் செய்தால் அதுவும் அதே தப்புதான். 5-ஆம் வசனத்தை மட்டும் வெட்டினாலும் வெட்டுதான். கடிதத்தில் குடியிருப்பும் உண்டு, திரும்பி வருவதும் உண்டு.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் பழவேற்காடு ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் தலைமை இடமாக இருந்தது. 1630-களில் அங்கே போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரொகேரியஸ். உள்ளூர் மக்களின் சமயத்தைப் பற்றி எழுத விரும்பிய அவர், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் இறந்த பிறகு 1651-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதன் பார்வையில் குறைகள் இருக்கலாம். ஆனாலும் அடுத்தவருடைய நூல்களைத் தெரிந்துகொள்ளவே ஒரு போதகர் விவரம் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். சொந்த வேதத்தைப் புரிந்துகொள்ள அந்த அளவு பொறுமையாவது வேண்டாமா?

"பரிசுத்த ஆவியானவர் எனக்கு நேரடியாகப் பேசினார், இதெல்லாம் எதற்கு?" என்பது சிலருடைய பதில். அந்த விசுவாசத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் சங்கீதத்திலிருந்து வசனம் எடுத்துக் காட்டுகிறவன் பிசாசு என்பதை மறந்துவிடக் கூடாது. வசனம் சரியான வசனம்தான், பயன்படுத்திய விதம்தான் தப்பு. இயேசு அதற்கு இன்னொரு வசனத்தைக் கொண்டு பதில் சொன்னார். வேதத்தை வேதத்தோடு ஒப்பிட்டுப் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது? அப்போஸ்தலர் 8-ல் வரும் எத்தியோப்பிய அதிகாரியும் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தும், ஒருவர் விளக்காவிட்டால் எனக்கு எப்படிப் புரியும் என்று வெட்கப்படாமல் கேட்டார்.

அட்டை எடுக்கும் பழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்பதல்ல. அட்டை ஒரு முகவரி. முகவரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வரும் ஜனவரி 1 அன்று அட்டை கையில் வந்ததும், தூங்கப் போகும் முன் அந்த அதிகாரத்தை முழுவதும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். எதிர்பார்த்தது அங்கே இல்லாமல் போகலாம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கலாம்.

சிந்தியுங்கள் நண்பர்களே!