சோயா உணவாகட்டும், மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம்

ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் சிலர், எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் ஒரு டப்பாவையும் கொண்டுவருகின்றனர். சோயாப் புரதப் பொடியோ, சோயாவிலிருந்து பிரித்தெடுத்த ஐசோஃபிளேவோன் மாத்திரையோ அதில் இருக்கும். “இதைச் சாப்பிடத் தொடங்கியதும் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன், டாக்டர்” என்கின்றனர். அந்த டப்பாவைவிட, நிறுத்தப்பட்ட மாத்திரையே எங்களுக்குக் கவலை தருகிறது.

இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐக் கல்லீரல் அகற்றுவதற்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் துணைசெய்கிறது. மாதவிடாய் நின்றபின் அந்தத் துணை குறைவதால் எல்.டி.எல். உயர்கிறது; மாரடைப்பு அபாயமும் கூடுகிறது. ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்த அமைப்புடையது. எனவே, இழந்ததைச் சோயா ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. மருத்துவ உலகமும் ஒருகாலத்தில் அவ்வாறே எதிர்பார்த்தது.

1995-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, சோயாப் புரதம் எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 13 விழுக்காடு குறைப்பதாகக் கூறியது. 1999-இல், சோயா இதயத்துக்கு நல்லது என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இசைவளித்தது. பின்வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தளர்த்தின. நெதர்லாந்தில் 60 முதல் 75 வயதுவரையிலான 202 பெண்களிடம் ஓராண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2004-இல் வெளியானது. சோயாப் புரதம் உண்டவர்களுக்கும் பால் புரதம் உண்டவர்களுக்கும் இரத்தக் கொழுப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அன்றாடப் புரதத்தில் பாதியளவு சோயாவாக இருந்தாலும் எல்.டி.எல். 3 விழுக்காடு அளவே குறையும் என்றும், ஐசோஃபிளேவோனால் பயனில்லை என்றும் 2006-இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது.

எல்.டி.எல். 160 உள்ள ஒருவருக்கு 3 விழுக்காடு என்பது ஏறத்தாழ 5 புள்ளிகள். நாங்கள் வழக்கமாக எழுதித்தரும் ஸ்டாட்டின் மாத்திரை 30 விழுக்காடு, அதாவது 48 புள்ளிகள்வரை, சிலருக்கு அதற்கு மேலும் குறைக்கும். ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

தனியொரு பொருளைவிட முழு உணவே முதன்மையானது என்னும் பாடம் நம் மலைக்குப் புதிதன்று. 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் தொடங்கிய ஆய்வுப் பணியே, பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவர் ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி என எல்லாம் சேர்ந்த உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியவை நலிந்தன.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். மீல்மேக்கரைக் குழம்பில் இடுங்கள். கொழுப்பு மிகுந்த இறைச்சிக்கு மாற்றாக அது நல்ல உணவே. ஆனால், தேயிலை பறித்து ஈட்டிய கூலியை விலையுயர்ந்த டப்பாவில் செலவிட வேண்டியதில்லை. நம் மலையில் விளையும் அவரை, பீன்ஸ், பட்டாணி, கீரை ஆகியவையும் ராகியும் போதிய துணை செய்யும். பாமாயிலின் அளவைக் குறையுங்கள். மாலைத் தேநீருடன் உண்ணும் வர்க்கியையும் எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவை வாங்கிவிட்டவர்கள் அதை மறைக்காமல் எங்களிடம் காட்டுங்கள். தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதற்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். சோயா அம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும். தைராய்டு குறைந்தாலே கொழுப்பு உயரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஐசோஃபிளேவோன் மாத்திரையை எங்களைக் கேளாமல் தொடங்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நிறுத்தப்பட்ட மாத்திரை வலியோ மயக்கமோ தந்து எச்சரிப்பதில்லை. கொழுப்பு ஓசையின்றியே படிகிறது. உங்கள் தாயார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அறிந்தால், கடிந்துகொள்ளாமல் அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள். கால்வலியோ, செலவோ, அச்சமோ, காரணம் எதுவாயினும் கேட்டு, வேறு வழி காண்பது எங்கள் கடமை.