பணப்பை யார் கையில்?

வையம்பட்டி வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பொன்னணியாற்று அணையின் நீர் எட்டுமிடம் கொஞ்சமே; மற்றபடி சோளமும் கடலையும் கறவை மாடுமே குடும்பங்களைத் தாங்குகின்றன. களை எடுப்பதும், கடலை ஆய்வதும், விடியுமுன் எழுந்து பால் கறப்பதும் பெரும்பாலும் ஸ்திரீகளின் வேலை என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், இந்த உழைப்பினால் வரும் பணம் வீட்டில் யார் கையில் தங்குகிறது என்ற கேள்வியை, விதையையும் எருவையும் பற்றி ஓயாது பேசும் நாம் எழுப்புவதில்லை. எழுப்பவேண்டும் என்பது எமது கருத்து.

“குடும்பத்திற்குப் பை ஒன்றுதானே?” என்று நம் குடியானவர்கள் கேட்பார்கள். பை ஒன்றாயிருப்பதில் குற்றமில்லை. அதன் முடிச்சை ஒருவரே அவிழ்க்க, மற்றவர் உப்புக்கும் மருந்துக்கும் கெஞ்சி நிற்பதுதான் குற்றம். மழை பொய்த்த வருஷத்தில் இருவரும் கலந்து நகையை அடகு வைப்பது வேறு. கேளாமலே பெட்டியைத் திறந்து எடுத்துப்போவது வேறு. கன்று முதல் அவள் வளர்த்த கிடேரியை ஒரு வார்த்தையும் சொல்லாமல் மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டுவதும், கூலி பாங்கியில் விழுந்த அன்றே கணக்கு அட்டையைப் பிடுங்கிக்கொள்வதும் இவ்வகையே. அஞ்சாமல் “வேண்டாம்” என்று அவளால் சொல்ல முடியுமா? முடியாதெனில் அதைச் சம்மதம் என்று கூறலாகாது.

எல்லாவற்றிலும் கொடியதாக எமக்குத் தோன்றுவது சுய உதவிக் குழுக் கடனைப் பற்றியது. கடன் அவள் பெயரில். பணம் கணவனிடமோ மைத்துனனிடமோ போய்விடுகிறது. தவணை நாளன்று குழுவின் முன் தலைகுனிந்து நிற்பவள் அவளே. ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்ற ஏற்பாட்டில், அண்டை வீட்டாரின் பகையும் அவளுக்கே சேர்கிறது. கட்டுவதற்காக வேறிடத்தில் வட்டிக்கு வாங்கி மேலும் சிக்குகிறாள்.

அடி விழுந்தால்தான் சட்டம் வரும் என்று நினைப்போர் பலர். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள, 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அவளுக்குச் சேரவேண்டிய பணத்தையோ அவசியச் செலவையோ மறுத்தல், சீதனத்தை விற்றல் ஆகியவை அதில் அடங்கும். மனைவி மாத்திரமன்றி, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவையான மருமகள் முதலியோரும் மனுச் செய்யலாம். சீதனத்தைத் திருப்பித் தரவும், ஜீவனாம்சம் கொடுக்கவும், சொத்தை விற்காதிருக்கவும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மனுச் செய்தவுடனே கணவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டமன்று இது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் தண்டனை. இதை அறியாமல் எத்தனையோ பேர் வாய் திறவாதிருக்கின்றனர். 60 நாட்களுக்குள் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் தாமதம் நேர்வதுண்டு.

வீட்டை நிர்வகிக்கும் மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்வதற்கு ஒரு பங்கே என்று, 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். வீட்டு வேலைக்கே இவ்வாறாயின், வயலிலும் தொழுவத்திலும் உழைப்பவளைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. பால் சங்கங்கள், கறப்பவளையே அங்கத்தினராகச் சேர்த்து அவள் கணக்கிலேயே கிரயத்தைச் செலுத்துவதை வழக்கமாகக் கொள்ளலாம்.

உதவி வேண்டுவோர் 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் மூலம் பாதுகாப்பு அதிகாரியை அணுகலாம். அவர் மனுவை எழுதவும் உதவுவார். திருச்சிராப்பள்ளி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம், வரும்படி எவ்வளவாயினும், ஸ்திரீகளுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். போகுமுன் பாங்கிப் புத்தகம், அடகு ரசீது, குழுக் கணக்கு ஆகியவற்றின் நகல்களையும், நகைகளின் ஜாபிதாவையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைப்பது நலம். கணக்கோடு சேர்ந்த டெலிபோன் எண் கணவனுடையதாயிருந்தால், பாங்கிக்கு நேரில் சென்று அதைத் தன் எண்ணாக மாற்றிக்கொள்ளவேண்டும். இல்லாவிடில், பணம் வந்த செய்தி முதலில் அவனுக்கே போகும்.