தீர்ப்புத் தேதி நமக்கும் தெரிய வேண்டாமா?



நிலத் தகராறு, பாகப்பிரிவினை என்று வழக்கு வந்தால் பெண்கள் பெயரும் அதில் இருக்கும். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அதோடு சரி. வக்கீலைப் பார்ப்பது, வாய்தாவுக்குப் போவது எல்லாம் வீட்டு ஆண்கள் பாடு. தீர்ப்பு வந்த சேதி நமக்குக் கடைசியில்தான் வரும். "கேஸ் தோத்துப் போச்சு, விடு" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார்கள்.

தோற்றதோடு எல்லாம் முடிந்து விடுவதில்லை. மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். ஆனால் அதற்குக் கெடு உண்டு. 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி, மாவட்டத்திலேயே உள்ள மேல் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். டிக்ரி தேதியிலிருந்து கணக்கு. நகல் கேட்டு மனு போட்டு, அது தயாராகும் வரை ஆகும் நாட்களைக் கழித்துக் கொள்ளலாம். மனுவே போடாமல் சும்மா இருந்த நாட்களைக் கழிக்க முடியாது. ஆகவே தீர்ப்பு வந்ததும் முதல் வேலை நகல் மனுதான்.

கெடு தாண்டினால், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். தக்க காரணம் காட்டணும். "எனக்கு யாரும் சொல்லலை" என்றால் கோர்ட் ஒத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியுமா? அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நிறைவேறுவதும் நின்று விடாது. தடை உத்தரவு தனியாக வாங்கணும்.

பாகப்பிரிவினை வழக்கில் இன்னொரு வில்லங்கம். யாருக்கு எத்தனை பங்கு என்பது முதல்நிலை டிக்ரியிலேயே முடிவாகிவிடும். அளந்து பிரித்துக் கொடுப்பதுதான் இறுதி டிக்ரி. "கடைசித் தீர்ப்பு வரட்டும், பார்த்துக்கலாம்" என்று இருந்து விட்டால், அப்புறம் பங்கு குறைவு என்று அப்பீலில் வாதாட முடியாது. 2005-ல் சட்டத்தைத் திருத்தி, இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தார்கள். அந்தப் பங்கு இப்படி நாள் கணக்கில் கைவிட்டுப் போகலாமா?

ராஜி என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் இன்னும் ஜாக்கிரதை. இரு தரப்பும் சம்மதித்து வாங்கிய டிக்ரிக்கு அப்பீல் கிடையாது. லோக் அதாலத் முடிவுக்கும் கிடையாது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வழக்கில் ஒரு தரப்புக்காவது வக்கீல் இல்லையென்றால், எந்தக் கோர்ட்டில், எத்தனை நாளுக்குள் அப்பீல் போகலாம் என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லும்போதே அங்கிருக்கும் கட்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இரு தரப்பிலும் வக்கீல் இருந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. வக்கீலுக்குத் தெரியும், சரி. வீட்டில் அடுப்படியில் நிற்கும் கட்சிக்காரிக்கு யார் சொல்வது? எல்லா வழக்கிலும், "இன்ன கோர்ட்டில் இத்தனை நாளுக்குள் அப்பீல் போகலாம்" என்று தமிழில் இரண்டு வரி எழுதி, ஒவ்வொரு கட்சிக்காரர் பெயருக்கும் தபாலில் அனுப்பினால் என்ன? ஒரு தபால் செலவில் எத்தனையோ பேருடைய காணி பிழைக்குமே!

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. அப்பீலுக்கும் கேட்கலாம். மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.

பால் கணக்கு, சீட்டுப் பணம் கட்டும் தேதி எல்லாம் காலண்டரில் குறித்து வைக்கிறோம். வழக்கு நம்பரையும் வாய்தா தேதியையும் அதே காலண்டரில் குறித்து வைப்போமே!

— ஒரு வாசகி, தஞ்சாவூர்.