கீழ்ப்பாக்கம் என்றொரு வசவு

"அவன் கீழ்ப்பாக்கம் கேஸ், ஸார்!" என்று சொல்லிச் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அங்கே இருப்பது ஓர் ஆஸ்பத்திரி. மனம் நொந்தவர்கள் குணமாகி வீடு திரும்புகிற இடம். அதைப் போய் வசவாக்கி வைத்திருக்கிறோம்!

'வெறும் வார்த்தைதானே?' என்பீர்கள். இரவெல்லாம் தூக்கமின்றி, காரணம் தெரியாமல் அழுகிற ஒரு பெண்ணை டாக்டரிடம் போகவிடாமல் வாசலை மறித்து நிற்பது எது? 'பைத்தியம்' என்ற அந்த வெறும் வார்த்தைதான்! அவள் நோய்க்கு மருந்து உண்டு. அவமானத்துக்குப் பயந்து அதை மறைக்கிறவளுக்கு யார் மருந்து கொடுப்பது?

1912-இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் இவர்களை 'லூனாடிக்' என்றது. 1987-இல் வந்த சட்டம் அந்தச் சொல்லைத் தள்ளிற்று. 2017-ஆம் வருஷத்துச் சட்டமோ இவர்களுக்குக் கண்ணியமாக வாழும் உரிமை உண்டு என்கிறது. சட்டத்தின் நாக்கே திருந்திவிட்டது. படித்த நம் நாக்குக்கு மட்டும் என்ன கேடு?